டிக்கெட் கிழிக்காத நாள்

அவளுக்கு வீட்டில் நண்டு என்று பெயர். சின்ன வயதில் ஓரிடத்தில் நிற்காமல் அங்கும் இங்குமாக ஓடிக்கொண்டே இருந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். இப்போது கல்லூரியில் வரலாறு இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். கல்லூரி இருந்த ஊரிலேயே அத்தை வீடும் இருந்ததால் அங்கே தங்கியிருந்தாள். அந்த வீட்டில் அத்தை, மாமா, அவர்களுடைய ஒரே மகன். அவனை அவள் அத்தான் என்று கூப்பிடுவாள். பொய்ப்பல் செய்கிற கூடத்தில் அவனுக்கு வேலை. ஊரில் யார் யார் சிரிப்பு சொந்தச் சிரிப்பு, யாருடையது தான் செய்துகொடுத்தது என்று தனக்குத்தான் தெரியும் என்று பீற்றிக்கொள்வான்.

அந்தப் பருவத்தில் அவர்களுடைய பேராசிரியை ஒரு வேலை கொடுத்திருந்தார். மாணவர்கள் பிறப்பதற்கு முன் இந்த ஊரில் நடந்த, எந்தப் புத்தகத்திலும் எழுதப்படாத ஒரு சம்பவத்தைப் பிடித்து ஆய்வுக் கட்டுரை எழுதவேண்டும். ஆதாரங்களில் குறைந்தது இரண்டு, அது நடந்த சமயத்திலேயே உண்டானவையாக இருக்கவேண்டும். இணையத்தில் யாரோ எழுதியதை எடுத்து ஒட்டினால் கட்டுரை வந்த வழியே திரும்பிப் போகும்.

வகுப்பில் மற்றவர்கள் முந்திக்கொண்டார்கள். ஒருத்தி ரயில் நிலையத்தை எடுத்துக்கொண்டாள். ஒருவன் எரிந்துபோன சினிமா கொட்டகையைப் பிடித்துக்கொண்டான். தலைப்பு சொல்லவேண்டிய நாள் நெருங்கியும் நண்டுக்கு மட்டும் ஒன்றும் அகப்படவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது மாமா அந்தக் கதையை எடுத்தார். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் "விஷயம் என்னன்னா" என்றுதான் ஆரம்பிப்பார். உப்பு வேண்டும் என்பதற்கும் அதே முன்னுரைதான்.

கதை இதுதான். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஊர்க்கோடியில் பஸ்கள் திரும்புகிற கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர்களுக்கும் டிரைவர்களுக்கும் உட்கார ஒரு நிழல் கிடையாது, கழிப்பறை கிடையாது. கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். பஸ்ஸை நிறுத்திப் போராடியபோது நிர்வாகத்துக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஜனங்கள்தான் இவர்களைத் திட்டித் தீர்த்தார்கள். அப்போது சங்கக் கூட்டத்தில் மாமா எழுந்து நின்று சொன்னாராம்: பஸ்ஸை ஓட்டுவோம், யாருக்கும் டிக்கெட் கிழிக்கமாட்டோம். மறுநாள் ஊரே சும்மா பயணம் செய்தது. கூடிய சீக்கிரமே கட்டடம் வந்துவிட்டது.

அத்தான் வழக்கம்போல் வம்புக்கு இழுத்தான். போன தடவை சொன்னபோது பஸ்ஸின் படியில்தான் ஆட்கள் தொங்கினார்கள், இந்தத் தடவை கூரை மேலேயே ஏறிவிட்டார்களே, அடுத்த தடவை பஸ் பறக்குமா என்று கேட்டான். மாமா கோபித்துக்கொள்ளவில்லை. நம்புகிறவன் நம்பட்டும் என்று மோரை ஊற்றிக்கொண்டார். அத்தை பரிமாறிக்கொண்டிருந்தாள். அவள் எப்போதுமே அதிகம் பேசாதவள்.

நண்டு சாப்பிடுவதை நிறுத்திவிட்டு மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, இதையே தன் கட்டுரைக்கு எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள்.

மாமா கை கழுவிவிட்டுப் போய் நல்ல சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். பேட்டி அப்போதே தொடங்கும் என்று நினைத்துவிட்டார்.

மறுநாள் பேராசிரியையிடம் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை என்பதே அவளுக்குப் பெரிய ஆறுதல்.

"உங்க மாமா சொன்னதும் ஆதாரம்தான்," என்றார் பேராசிரியை. "ஆனா அவரை நீ குறுக்குக் கேள்வி கேட்டியா? அவர் சொன்னதைச் சொல்ல அவரைத் தவிர வேற யாராவது இருக்காங்களா? அதைத் தேடு. கிடைக்கலைன்னா, தேடின கதையை எழுது. அதுக்கும் மார்க் உண்டு."

குறுக்குக் கேள்வி முதல் அடியிலேயே இடித்தது. எந்த வருஷம் என்று கேட்டால் மாமாவுக்குத் திடமாகச் சொல்லத் தெரியவில்லை. ஒரு தடவை கொட்டுகிற மழை என்றார். இன்னொரு தடவை கொளுத்துகிற வெயிலில் வியர்த்துத் தொப்பலாக நனைந்த கதையைச் சொன்னார். அவருடன் வேலை பார்த்தவர்களில் சிலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மற்றவர்கள் வெளியூர்களில் பிள்ளைகளோடு இருந்தார்கள். தொலைபேசியில் கிடைத்த ஒரே ஒரு டிரைவருக்குக் காது மந்தம். அவர் நண்டுவை யாரோ டிக்கெட் கேட்கிற பெண் என்று நினைத்து, நான் ரிட்டயராகிவிட்டேன் அம்மா என்று வைத்துவிட்டார்.

அப்போது அடுப்படியிலிருந்து அத்தையின் குரல் மட்டும் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த மறுவருஷம், பள்ளிக்கூடம் திறந்த வாரம் என்றது. அத்தை அந்தக் காலத்தில் பஸ் டிப்போவில் வேலை பார்த்தவள். காலையில் கண்டக்டர்களுக்கு டிக்கெட் கட்டுகளை எடுத்துக்கொடுக்கிற கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தவள். உங்களுக்கு எப்படி இவ்வளவு நிச்சயமாகத் தெரியும் என்று நண்டு கேட்டதற்கு, தெரியும், அவ்வளவுதான் என்றுவிட்டுக் குக்கரை மூடினாள்.

மாவட்ட நூலகத்தின் மாடியில் பழைய செய்தித்தாள்களை மாதவாரியாகத் தைத்து அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு தொகுதியும் ஒரு சின்னக் கட்டில் பலகை கனம். நூலகர் மேசையில் ஒரு துணியை விரித்து, தாளை நுனியில் பிடித்துத்தான் புரட்டவேண்டும், எச்சில் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். நண்டு வகுப்பு முடிந்ததும் நேராக அங்கே போவாள். தலைப்புகளில் பஸ் என்ற சொல் கண்ணில் பட்டாலே நிறுத்திப் படிப்பாள். பஸ் மோதி மாடு காயம். பஸ்ஸில் மறந்துவிட்டுப்போன ஆர்மோனியம். வேலைநிறுத்தம் என்று தலைப்புப் போட்ட செய்திகளும் நிறையவே இருந்தன. தபால் ஊழியர், நெசவாலை, துப்புரவுத் தொழிலாளர்கள். கண்டக்டர்களை மட்டும் காணோம்.

அத்தை சொன்ன வாரத்தில் தலைப்புகளை எல்லாம் பார்த்து முடித்தும் ஒன்றும் இல்லை. தும்மித் தும்மி மூக்கு சிவந்ததுதான் மிச்சம். மாமா கதை விட்டிருப்பாரோ என்ற சந்தேகம் அவளுக்கும் வந்துவிட்டது. அந்தச் சந்தேகத்தோடு வீட்டுக்குப் போனால், வாசலிலேயே மாமா காத்திருந்து, வந்திருக்குமே, பெரிசாப் போட்டிருப்பானே என்று கேட்டார். நாளைக்கு இன்னும் கொஞ்சம் பார்க்கவேண்டும் மாமா என்று சொல்லிச் சமாளித்தாள்.

இரவு பல் தேய்க்கும்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. அவள் தேடியதெல்லாம் 'நிறுத்தம்'. அன்றைக்குத்தான் எதுவுமே நிற்கவில்லையே. பஸ் ஓடியது, கண்டக்டர் வேலைக்கு வந்தார். செய்தித்தாள்காரன் அதை வேலைநிறுத்தம் என்று எதற்குப் போடப்போகிறான்?

மறுநாள் அதே வாரத்தை மறுபடி எடுத்து, தலைப்புகளை விட்டுவிட்டு மூலை முடுக்கெல்லாம் பார்த்தாள். மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரு கேலிச்சித்திரம் இருந்தது. பஸ்ஸுக்குள் ஒரு தொப்பைக்காரர் சட்டைப்பைக்குள் கையை விட்டபடி, காசு வாங்கிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுகிறார். கண்டக்டர் இரண்டு கைகளையும் கூப்பி, மன்னிச்சுக்குங்க என்கிறார். பின்னால் ஒரு கிழவர் பக்கத்து ஆளிடம், இறங்கவே மனசு வரலை என்கிறார்.

அந்த அமைதியான மாடியில் நண்டு வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். நூலகர் கண்டிக்கத்தான் வந்தார். சித்திரத்தைப் பார்த்ததும் அவரும் சிரித்துவிட்டு, இதைப் படம் எடுக்க அனுமதிச் சீட்டு எழுதித் தருகிறேன் என்றார்.

கேலிச்சித்திரம் இருந்தால் அதற்கு முந்தின நாள் விஷயம் நடந்திருக்கவேண்டும். அதற்கான செய்தி வேலைநிறுத்தத்திலும் இல்லை, போக்குவரத்திலும் இல்லை. 'நகரில் நேற்று' என்ற பகுதியில், காணாமற்போன நாய்க்கும் கண்காட்சிக்கும் நடுவில் நாலு வரியாகக் கிடந்தது. நேற்று முழுவதும் நகரப் பேருந்துகளில் நடத்துநர்கள் கட்டணம் வாங்க மறுத்தனர், ஓய்வறை கேட்டு இவ்வாறு செய்ததாகத் தெரிகிறது, பயணிகளிடையே வானொலி நிருபர் ஒருவரும் ஒலிப்பதிவுக் கருவியுடன் காணப்பட்டார்.

நண்டு கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ஒலிப்பதிவுக் கருவி என்றால், ஒலிநாடா எங்கே போயிருக்கும்?

வானொலி நிலையத்தில் வாயிற்காவலர் உள்ளேயே விடவில்லை. பேராசிரியையிடம் சொன்னாள். அவர் அங்கே யாரையோ பிடித்துப் பேசினார். அடுத்த வாரம் அவளை உள்ளே விட்டார்கள். ஒலிப்பதிவுகளைக் காக்கும் அறை குளுகுளுவென்று இருந்தது. இரும்பு அலமாரிகளில் வட்ட டப்பாக்கள். அதற்குப் பொறுப்பான அம்மாள் கழுத்தில் ஹெட்போனை அட்டிகை மாதிரி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பழைய நாடாக்களைக் கணினிக்கு மாற்றுகிற வேலை பாதிதான் முடிந்திருக்கிறது, உனக்கு அதிர்ஷ்டம் இருந்தால் முதல் பாதியில் இருக்கும் என்றார். தேதியைக் கொடுத்துத் தட்டினார். இருந்தது. பக்கத்தில் 'ஒலிபரப்பவில்லை' என்று குறிப்புப் போட்டிருந்தது. அன்றைக்கு மேலிடத்தில் யாரோ வேண்டாம் என்று சொல்லியிருக்கவேண்டும் என்றார் அந்த அம்மாள். அவரும் அதைக் கேட்டதில்லையாம்.

ஹெட்போனை மாட்டியதும் முதலில் இன்ஜின் சத்தம். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூச்சல். ஒரு பெண் தன் கைப்பையை யாரோ மிதிக்கிறார்கள் என்று திட்டுகிறாள். நிருபர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கண்டக்டரிடம் ஏதோ கேட்கிறார். அதற்கு ஒரு மெல்லிய, அவசரமான இளைஞர் குரல் பதில் சொல்கிறது.

"விஷயம் என்னன்னா சார்..."

நண்டு நாற்காலியைவிட்டு எழுந்தேவிட்டாள். ஹெட்போன் கம்பி இழுத்து மறுபடி உட்கார வைத்தது. மாமாவேதான். பயந்துபோன மாமா. பேச்சுக்கு நடுவே எச்சில் விழுங்குவது கூடக் கேட்டது. இந்த யோசனையை முதலில் சொன்னது யார் என்று நிருபர் கேட்டார்.

"அது நான் இல்லை சார். எங்க டிப்போ கவுன்ட்டர்ல ஒரு பொண்ணு இருக்கு. அது சொன்னதுதான். நான் கூட்டத்துல எழுந்து நின்னு எடுத்துச் சொன்னேன், அவ்வளவுதான். பேரெல்லாம் போட்டுடாதீங்க, அதுக்கு வேலை போயிடும்."

நிருபர் விடவில்லை, டிப்போவுக்கே போயிருந்தார். அடுத்து டிப்போவின் சத்தம் கேட்டது. ஒரு பெண் குரல் வந்தது. துடுக்கான, சிரிப்பை அடக்க முடியாத குரல்.

"என் வேலை டிக்கெட் கட்டைக் கொடுக்கிறது. கொடுத்துட்டேன். கிழிக்கிறதும் கிழிக்காததும் அவங்க கையில. வேணும்னா எண்ணிப் பாருங்க, ஒண்ணு கூடக் குறையாது."

நண்டு அந்த இடத்தை மறுபடி மறுபடி ஓடவிட்டுக் கேட்டாள். குரல் தெரிந்த குரல்தான். ஆனால் இவ்வளவு வாயாடியாக அத்தையை அவள் பார்த்ததே இல்லை.

பிரதியைச் செல்போனில் போட்டுக்கொண்டு வீடு வருகிற வழியெல்லாம் அவளுக்குச் சந்தோஷமும் கலக்கமும் மாறி மாறி வந்தன. கிடைத்தது பொக்கிஷம். ஆனால் அதை வீட்டில் போட்டால் மாமாவின் முகம் என்ன ஆகும்? அத்தான் ஆயுசுக்கும் விடமாட்டான். முதலில் அத்தையிடம் கேட்போம் என்று முடிவு செய்தாள். அத்தை மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். நண்டு விஷயத்தைச் சொன்னாள்.

அத்தை கேட்ட முதல் கேள்வி, "என் குரல் இருக்கா அதுல?"

இயர்போனில் ஒன்றை இவள் காதிலும் மற்றதை அத்தை காதிலும் வைத்துக்கொண்டு இருவரும் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் சாய்ந்து கேட்டார்கள். அத்தை முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மடித்த துணிகளின் மேலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வருகிற வரைக்கும் சிரித்தாள்.

இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று நண்டு கேட்டாள். கொஞ்சம் கோபமாகவே கேட்டாள்.

"முதல்ல சொன்னா வேலை போயிடும்னு வாயை மூடிக்கிட்டோம்," என்றாள் அத்தை. "அப்புறம் அவர் சொல்லிச் சொல்லி அவருக்கே அப்படி ஆயிடுச்சு. நல்லாத்தானே சொல்றாரு, நானும் கேட்டுக்கிட்டே இருந்துட்டேன். ஆனா ஒண்ணுடி. சொன்னது நானா இருந்தாலும், அத்தனை பேர் நடுவுல எழுந்து நின்னது அவர்தான். கை கால் எல்லாம் உதறுச்சாம். அதையும் எழுது."

பிறகு துணிகளை அள்ளிக்கொண்டு, "சாயங்காலம் எல்லாரும் இருக்கும்போது போடு. எனக்கு அவர் மூஞ்சியைப் பார்க்கணும்," என்று கீழே இறங்கினாள்.

சாயங்காலம் அத்தான் வேலையிலிருந்து வந்ததும் கூடத்தில் போட்டாள். இன்ஜின் சத்தம் கேட்டதுமே மாமா நிமிர்ந்து உட்கார்ந்து, எந்த வண்டி என்று சத்தத்தை வைத்தே சொன்னார். தன் குரல் வந்ததும் வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்தார். 'அது நான் இல்லை சார்' என்பது வந்ததும் அத்தான் மெதுவாகத் திரும்பி அப்பாவைப் பார்த்தான். மாமா அவனைக் கவனிக்கவே இல்லை. புருவத்தைச் சுருக்கி, தொலைந்துபோன எதையோ பையில் துழாவுகிறவர் மாதிரி இருந்தார். அடுத்து அத்தையின் குரல் வந்தது.

முடிந்ததும் மாமா, மறுபடி போடு என்றார். அத்தை பேசுகிற இடத்தை மட்டும் போடச் சொன்னார். மூன்றாவது தடவை அவரே கை நீட்டி நிறுத்தினார்.

"ஆமா," என்றார், அத்தையைப் பார்த்து. "ஆமா. நீதான் சொன்னே. கவுன்ட்டர் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, என் கையில கட்டைக் கொடுக்காம பிடிச்சுக்கிட்டே சொன்னே. நான் எப்படி இதை மறந்தேன்?"

"மறந்துட்டீங்க," என்றாள் அத்தை. "என்னைக் கட்டிக்கிட்டதையாவது மறக்காம இருக்கீங்களே."

மாமாவுக்குச் சிரிப்பதா கண்ணைத் துடைப்பதா என்று தெரியவில்லை, இரண்டையும் செய்தார். அதற்கப்புறம் அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்பதற்காகவே தினமும் காலையில் கவுன்ட்டர் வரிசையில் கடைசியாகப் போய் நிற்பாராம். கடைசி ஆள் என்றால் பின்னால் யாரும் அவசரப்படுத்தமாட்டார்களாம். இந்தப் பகுதியை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அத்தான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு யோசனையாக, "அப்போ நான் பொறந்ததுக்கு மூல காரணம் ஒரு கழிப்பறையா?" என்றான்.

அன்றைக்கு அந்த வீட்டில் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, எல்லாம் நல்லாத்தானே இருக்கீங்க என்று விசாரித்தார்.

அதற்குப் பிறகு நண்டுக்கு வேறு விதமான தொல்லை. அதிகம் பேசாத அத்தை பேச ஆரம்பித்துவிட்டாள். நண்டு எழுதிக்கொண்டிருந்தால் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இதைச் சொன்னேனா, அதைச் சொன்னேனா என்பாள். மாமா குறுக்கே வந்து, அது அப்படி இல்லை என்பார். இருவர் சொல்வதையும் தனித்தனியாக எழுதி, எங்கே ஒத்துப்போகிறது, எங்கே மோதுகிறது என்று நண்டு குறித்தாள். மழையா வெயிலா என்பதில் கடைசி வரைக்கும் தீர்வு வரவில்லை. நாடாவில் மழைச் சத்தம் கேட்கவில்லை என்று மட்டும் எழுதினாள்.

கட்டுரையை வகுப்பில் வாசிக்கிற நாளில் பேராசிரியையின் சம்மதத்தோடு இருவரையும் அழைத்துப் போனாள். கடைசி பெஞ்சில் அத்தையும் மாமாவும் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்தார்கள். ஒலிப்பதிவு ஓடி முடிந்ததும் வகுப்பே திரும்பி அவர்களைப் பார்த்துக் கைதட்டியது. பேராசிரியை கேள்வி கேட்க ஆரம்பித்தார். அத்தை ஒன்று சொல்ல, மாமா "விஷயம் என்னன்னா" என்று எழுந்திருக்க, அத்தை அவர் சட்டையைப் பிடித்து உட்காரவைக்க, அடுத்த வகுப்பு ஆசிரியர் வாசலில் வந்து நிற்கிற வரைக்கும் போனது. நல்ல மதிப்பெண் வரும் என்பது நண்டுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் பேராசிரியை கிளம்பும்போது ஒன்று கேட்டார்.

"அந்த ஓய்வறை இப்பவும் இருக்கா?"

மூவருக்குமே தெரியாது. நண்டு போய்ப் பார்க்கவே இல்லை. மாமா ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பக்கமே போனதில்லை. அத்தையோ வாழ்நாளில் ஒரு தடவை கூட அங்கே போனதில்லை, கவுன்ட்டரோடு சரி.

அங்கிருந்து நேராகப் பஸ் ஏறினார்கள். மாமா ஞாபகமாக மூன்று பேருக்கும் டிக்கெட் வாங்கினார். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிப் போனபிறகு இவர்கள் இறங்கினார்கள். ஒரு வேப்பமரம், மூன்று பஸ்கள், அவற்றுக்குப் பின்னால் வெளிர்நீலச் சுண்ணாம்பு அடித்த சின்னக் கட்டடம். மேலே ஒரு பகுதியில் புது ஓடு மாற்றியிருந்தார்கள். உள்ளே பெஞ்சில் ஒரு டிரைவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். நண்டு செல்போனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினாள்.

மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு இளம்பெண் ஒருத்தி வெளியே வந்தாள். கண்டக்டர் சீருடை, தோளில் தோல்பை, முகத்தில் ஈரம். துப்பட்டாவால் துடைத்துக்கொண்டே, யாரைப் பார்க்கவேண்டும் என்று கேட்டாள்.

யாரையும் இல்லை என்றார் மாமா. அத்தை ஒரு அடி முன்னால் வந்து கட்டடத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"உள்ள தண்ணி ஒழுங்கா வருதாம்மா?"

"வருதுங்க," என்றாள் அந்தப் பெண். "கதவுத் தாழ்ப்பாள்தான் ஒண்ணு சரியில்லை. சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டோம், யாரும் கண்டுக்கலை."

"அப்படியா?" என்ற அத்தை, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்து, பக்கத்தில் தட்டி அந்தப் பெண்ணை உட்காரச் சொன்னாள். "யார்கிட்ட சொன்னீங்க? எப்படிச் சொன்னீங்க? முதல்லேர்ந்து சொல்லு."